வாசலில் ஒரு வாளி

தெமுகோ பேருந்து நிலையத்தில்
வாழைப்பழப் பெட்டிக்குள் ஆறு குட்டிகள்.
மூன்றாம் நாள் ரத்தக் கழிச்சல். பார்வோ.
விடியும்வரை சலைன் சொட்டுகளை எண்ணினேன்;
தகரக் கூரையில் மழை
வேறொரு கணக்கு வைத்திருந்தது.

ஐந்தைப் பையில் கட்டி
எரிக்க எடுத்துப் போனார் டாக்டர் வெனேகாஸ்.
ரசீது வந்தது:
எடை மூன்றரைக் கிலோ, மொத்தமாக.

ஆறாவது,
பதினோராம் நாள் என் கட்டைவிரலைக் கடித்தது.
அழுதேன்.
வலியால் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு பிளீச். சுவர், தரை, கிண்ணம்,
பூட்ஸின் அடிப்பள்ளங்கள்.
முற்றத்து மண்ணை என்ன செய்ய?
நோயை மடியில் கட்டிக்கொண்டு
அது ஓராண்டு உட்கார்ந்திருக்குமாம்.

நேற்று வேலியோரம் எலியாசர், எட்டு வயது,
நனைந்த சட்டைக்குள் ஒரு குட்டி.
"நீங்க எல்லாத்தையும் எடுத்துக்குவீங்களாமே?"
உள்ளே வராதே என்றேன்.
கத்தினேன் என்பதுதான் சரி.
பிளீச் வாளியைத் தாண்டி நீண்ட கையை
முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த தெரு மார்கோட் வீட்டுக்குப் போ,
முதலில் ஊசி போடச் சொல் என்றதெல்லாம்
அவன் காதில் விழுந்ததோ என்னவோ.
திட்டிக்கொண்டே போனான்.
திட்டட்டும்.
பொத்தான் இடைவெளியில்
ஒரு பழுப்புக் காது
தெருமுனை வரை ஆடிக்கொண்டே போனது.