வினையின் வால்

செவ்வாய் இரவு ஏழு மணி. குஷிரோ துறைமுகத்துத்
தீயணைப்பு நிலையத்தின் மேல்மாடி.
மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றி ஏழு நாற்காலிகள்,
ஐந்து பேர்.
எத்தனை முறை சோப்புப் போட்டாலும்
எங்கள் நோட்டுகளில் சன்மா மீன் வாசம்.

மினேகிஷி பகலில் தபால்நிலையத்தில் முத்திரை குத்துகிறவள்,
எங்களில் யாரையும்விட இளையவள்.
வாரம் ஒருநாள் வந்து
வினைக்கு வால் ஒட்டக் காட்டுகிறாள்.

தபேத்தே என்று நிறுத்து.
இரு என்று சேர்.
இன்னும் சாப்பாடு முடியவில்லை.
யோந்தே இரு, புத்தகம் மூடப்படவில்லை.
ஃபுத்தே இரு, மழை விடவில்லை.

இவ்வளவுதானா என்று ஸுகியார்த்தோ கை உயர்த்தி
ஒரு வாக்கியம் சொன்னான்:
மேலாளர் வீட்டு நாய் ஷிந்தே இரு.
சாகக் கிடக்கிறது என்று நினைத்துத்தான் சொன்னான்.
மினேகிஷி சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தாள்.
அந்தச் சொல்லில் செத்துக்கொண்டிருக்க முடியாது,
செத்துப்போய்க் கிடக்கத்தான் முடியும் என்றாள்.
ஐயோ, மத்தியானமே அவரிடம் சொல்லிவிட்டேனே,
அதற்குத்தான்
கையுறையைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்கு ஓடினாரா?

சிரித்து முடிக்க நேரமாயிற்று.

கல்யாணமும் அப்படித்தானாம்.
கெக்கொன் ஷித்தே இரு என்றால்
பந்தலில் இன்னும் மேளம் அடிக்கவில்லை,
எப்போதோ ஆகி, ஆனதற்குள் இருக்கிறாள்.
தில்மாயா அதை எழுதினாள், அடித்தாள்,
மறுபடி எழுதினாள்.
நான் என் நோட்டைப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த பக்கத்தில் ஒரு கடற்காகம்.
தொந்தே இகு, பறந்து போகிறது.
தொந்தே குரு, பறந்து வருகிறது.
இரண்டு படத்திலும் காகம் அதே காகம்,
ஓரத்தில் நிற்கிற குச்சி மனிதனைத்தான்
இடம் மாற்றி வரைந்திருந்தார்கள்.

என் பெயர் துயெத்.
எங்கள் மொழியில் அதற்கு வெண்பனி என்று பொருள்.
அந்தப் பெயரை எனக்கு வைத்தவர்கள்
வெண்பனியைப் பார்த்ததே இல்லை.
சேறும் தென்னையுமான ஆற்றுமுகத்தில்
அது ஒரு அழகான பொய்.
மினேகிஷி பலகையில் எழுதினாள்:
யுகி கா ஃபுத்தே கித்தா.
பனி பெய்து வந்தது.
யாரும் கூப்பிடாவிட்டாலும் வந்தது என்றுதான் சொல்கிறார்கள்,
ஏன் வந்தது என்று கேட்பதில்லை.

வீட்டுப்பாடத்தில் ஒரு கோடிட்ட இடம்:
புத்தாண்டுக்கு நாட்டுக்குத் திரும்பி ______.
இரவுப் பணி முடிந்து, ஒரு கண் தூங்க,
குரு என்று நிரப்பியிருந்தேன்.
திரும்பி வந்த தாளில்
தவறுக்குப் போடும் கோடு இல்லை.
சிவப்பில் ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

போய்விட்டு இங்கே வந்துவிடுவாய் என்றால்
குரு சரி, என்றாள்.
அங்கேயே தங்கிவிடுவாய் என்றால் இகு.
எது என்று எனக்குத் தெரியாது,
நீதான் சொல்ல வேண்டும்.

அடுப்பு டிக்டிக்கென்றது.
கீழே யாரோ தண்ணீர்க் குழாயைச் சுருட்டுகிற சத்தம்.
மூன்று வருட ஒப்பந்தம், பதினான்கு மாதம் பாக்கி,
வங்கிக் கடன், தங்கையின் கல்லூரி,
இதெல்லாம் எந்த வாலிலும் ஒட்டவில்லை.
கங்காயேத்தே, என்று தொடங்கினேன்.
யோசித்து...
இருக்கிறேனா, வருகிறேனா, போகிறேனா?
அவள் காத்திருந்தாள்.
மணி எட்டரை ஆகிவிட்டது.

விடியற்காலை நாலே முக்கால்.
போர்வைக்குள் தில்மாயாவின் முதுகிடம்
இத்தே கிமாஸ் என்றேன்.
போய்விட்டு வருகிறேன்.
அதை எப்போது பழகினேன் என்று தெரியவில்லை,
எந்தப் பாடத்திலும் இல்லை.

தெருவை மூடுபனி தின்றுகொண்டிருந்தது.
தொழிற்சாலைக் கதவருகே
மேலாளரின் நாய்.
சாகவில்லை.
என்னைப் பார்த்தது. எழுந்தது.
பின்னங்காலை இழுத்து இழுத்து
அருயித்தே
குரு,
என்று வாய் தானாகச் சொன்னது.