பதினாலு பை இருபது

இரும்பாலையில் மாதேசுக்கு ஞாயிறு லீவு கிடைத்தது
பதினோரு வருஷத்தில் எத்தனை முறை என்று
ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.
மொட்டைமாடியில் துணி எடுக்கும்போதெல்லாம்
எதிரே நிற்கிற மலைக்கு
இன்றைக்குத்தான் போகிறோம்.
கார் அவன் கூட்டாளியுடையது.
ஹாரனை மட்டும் சொந்தக்காரன்போல் அடிக்கிறான்.

அடிவாரம் தாண்டியதும்
பரிதி பலகைகளைப் படிக்கத் தொடங்கினான்.
"ஒண்ணு பை இருபது.
ரெண்டு பை இருபது."
"கணக்கு இல்லடா, கொண்டை ஊசி" என்றாள் அக்கா.
"யாரோட கொண்டை?"
ஏழில் ஒரு குரங்கு
எங்களைப் பார்க்காததுபோல் பார்த்தது.
ஒன்பதில் காது அடைத்தது.
பதினாலில்
காலையில் தின்ற மூன்று இட்லியும்
எலுமிச்சம்பழம் வைத்திருந்த பைக்குள் வந்தன.
பழம், நல்லவேளை, என் கையில் இருந்தது.
கொப்பளித்துத் துப்பியவன்
முகத்தைத் துடைக்க விடாமல்
பலகையைக் காட்டிச் சொன்னான்:
"பதினாலு பை இருபது."
விட்டுப்போய்விடுமாம்.

ஏரியில்
ஒன்றேகால் மணிநேரம் வரிசையில் நின்று
இருபது நிமிஷம் மிதித்தோம்.
அப்பாவும் மகளும் ஆளுக்கொரு வேகம்,
படகு செக்குமாடாய்
இருந்த இடத்திலேயே சுற்றியது.
"லெஃப்ட்ல ஒடி, லெஃப்ட்ல ஒடி!"
உலைக்குப் பக்கத்தில் கத்திப் பழகிய குரல்.
கரையில் இருந்தவர்களெல்லாம்
லெஃப்ட்டில் திரும்பிப் பார்த்தார்கள்.
ஓவியா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.
பத்து வயசுக்கு
அப்பா என்பது கொஞ்சம் சத்தம் அதிகம்.

நாலு மணிக்கு எழுந்து கிளறிய புளிச்சோறு
டிக்கியில் கிடந்தது.
எல்லோருக்கும் பஜ்ஜிதான் வேண்டும்.
"குட்டிப் பையனுக்கு வாழக்கா போடறேன் கண்ணு,
மொளகா வேண்டாம்"
என்ற கடைக்காரம்மாவின் கையில்
கரண்டி நிற்கவே இல்லை.
நானும் நான்கு தின்றேன்.
புளிச்சோற்றை நினைத்துக்கொண்டே தின்றேன்.

லேடீஸ் சீட்டில்
சேலத்தைக் காணவில்லை.
வெள்ளைவெளேரென்று பனிமூட்டம்,
கம்பிக்கு அந்தப்பக்கம் ஊரே இல்லை.
"காசு குடுத்து இதைப் பாக்கவா?" என்றான் மாதேசு.
ஆனாலும் கொடுத்தான்.
தொலைநோக்கியில் ஓவியா பார்த்தாள், ஒன்றுமில்லை.
நான் பார்த்தேன்,
என் இமைமுடிதான் தெரிந்தது.
பரிதியைத் தூக்கிப் பிடித்தோம்.
வெகுநேரம் அசையாமல் இருந்தான்.
"நம்ம வீடு தெரியுதும்மா.
கொடியில துணி நனையுது.
உன் பச்சப் பொடவ."
பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.
எனக்கு மட்டும்
காலையில் துணி எடுத்தேனா என்று திக்கென்றது.

இறங்கும்போது அவன் தூங்கிவிட்டான்.
பலகைகளை யாரும் படிக்கவில்லை.

சேலம் வந்ததும் எழுந்தது அவன் அல்ல, அவன் பசி.
சந்து முனையில் தள்ளுவண்டி.
ஒரு தட்டுவடை, அதன்மேல் பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி,
பீட்ரூட், கேரட், வெங்காயத் துருவல்,
மேலே இன்னொரு தட்டுவடை.
சீட்டுப் போடுகிறவன்போல் வரிசையாக வைத்துக்கொண்டே போனான் கடைக்காரன்.
அவனுக்கு நாங்கள் வாரம் தவறாத கணக்கு.
"எங்க இருந்து வர்றீங்க, இவ்ளோ வாடி?"
"ஏற்காடு" என்றோம்,
அமெரிக்கா என்பதுபோல.
ஓவியாவுக்குப் பூண்டு செட், அப்புறம் மாங்காய் செட்,
அவளுடைய அப்பாவுக்கு முட்டை நொறுக்கல்.
பரிதிக்கு பீட்ரூட்டில் மீசை முளைத்தது.
"மலையில இது ஏன் இல்ல?" என்றான்.
"அதனாலதான் கீழ வந்தோம்" என்றான் மாதேசு.
அன்றைக்கு முழுக்க
அவன் சத்தமில்லாமல் பேசிய ஒரே வாக்கியம்.

பிள்ளைகள் படுத்த பிறகு மாடிக்குப் போனேன்.
பச்சைப் புடவை கொடியில்தான் இருந்தது,
மொடமொடவென்று காய்ந்து.
அவனிடம் சொல்லப்போவதில்லை.

எதிரே மலை.
பாதையில் ஒரு வண்டியின் வெளிச்சம்
வளைந்து, மறைந்து, வளைந்து ஏறியது.
பாதிக்கு மேல் ஓரிடத்தில்
சட்டென்று நின்றது.
நகரவே இல்லை.
எந்த வீட்டுப் பிள்ளையோ.
இடுப்பில் செருகியிருந்த எலுமிச்சம்பழத்தை
அப்போதுதான் கவனித்தேன்.