நீடாமங்கலம் கேட்

உதடு தடிக்கத் தொடங்கியபோது
மணி இரண்டு பத்து.
அரிப்பில்லை, தடிப்பில்லை.
கண்ணாடியில் அப்பாவின் கடைசி முகம்
மெல்ல ஏறி உட்கார்கிறது.

அவருக்குப் பூரான் கடி என்றார்கள்.
வேப்பிலை அடித்தார்கள்.
விடிவதற்குள் மூச்சுக்குழல் மூடிக்கொண்டது.

எனக்குப் பெயர் தெரியும். நீளமான பெயர்.
மன்னார்குடி டூட்டி டாக்டர்
இரண்டு தடவை சொல்லச்சொல்லிக் கேட்டு
அப்புறமும் அவில் ஊசியைத்தான் எடுத்தார்.

என் ஊசி ஃபிரிட்ஜில், தோசைமாவுக்குப் பக்கத்தில்.
ஒன்றின் விலை
அரை ஏக்கர் குறுவை.

தஞ்சாவூருக்குக் கிளம்பினோம்.
கேட் போட்டுவிட்டார்கள்.
நெல் ஏற்றிய சரக்கு ரயில்
பெட்டி பெட்டியாக,
அவசரமே இல்லாமல்.
தம்பி அமிர்தகடேசன் இறங்கிப்போய்
கேட்கீப்பரிடம் கத்திக்கொண்டிருந்தான்.

சேலையை விலக்கி,
தொப்புளுக்கு நாலு விரல் தள்ளி,
செல்போன் வெளிச்சத்தில் குத்திக்கொண்டேன்.
எரிந்தது. எரியட்டும்.
எச்சிலை விழுங்கிப் பார்த்தேன்.
இறங்கியது.
இன்னொரு தடவை விழுங்கினேன்.

கேட் தூக்கிய சத்தத்தில்
மடியில் கிடந்த தையல்நாயகி விழித்தாள்.
என் உதட்டைத் தொட்டாள்.
பிறகு, இருட்டில்,
தன் உதட்டையும்.