ஒன்றரை ஜிபி

இரவு பத்தேகால்.
பெரியாஸ்பத்திரி, பிரசவ வார்டு வாசல்.
தங்கை உள்ளே.
பதினொன்றரைக்குள் அனுப்ப வேண்டிய கோப்பு
வெளியே, என் மடியில்,
கம்பெனி லேப்டாப்பில்.

என் போனில் நெட் முடிந்திருந்தது.
ரீசார்ஜ் செய்யவும் நெட் வேண்டும்.

வைஃபை பட்டியலைத் திறந்தால்
அக்கம்பக்கமே பெயர்ப்பலகையோடு நின்றது.
எதிர் மருந்துக்கடை, பூட்டு.
பனகல் ரோட்டு லாட்ஜ் இரண்டாம் மாடி, பூட்டு.
'கேக்காதே தரமாட்டேன்', அதுவும் பூட்டு.
பூட்டில்லாமல் ஒன்றே ஒன்று:
முத்திருளாண்டி.

போன மாதம்தான் பரீட்சை வைத்தார்கள்.
அந்நிய நெட்வொர்க்கில் இணையலாமா?
அ, ஆ, இ.
நூற்றுக்கு நூறு எனக்கு.
பாடத்தில் ஒரு படம் இருந்தது:
வெளி நெட்வொர்க் என்பவன்
முகமூடி கட்டி, கையில் டார்ச்சோடு நிற்பான்.

இணைந்தேன்.
விபிஎன் போட்டேன், முறைப்படி.
மகாலிலிருந்து கோயிலுக்கு
மண்ணுக்கடியில் வழி உண்டென்பார்களே,
அப்படியொரு சுரங்கம்
பெஞ்சுக்கடியில் புறப்பட்டு பெங்களூருக்குப் போனது.
திரைமேல் கறுப்புத் தாள் வேறு.
பக்கத்து ஆளுக்கு ஒன்றும் தெரியாது.

பக்கத்து ஆளோ
வராண்டாவுக்கே கேட்கும்படி
ஆதார் எண்ணை நாலு நாலாகச் சொல்லிக்கொண்டிருந்தார் போனில்.
பொண்டாட்டிக்கு ஓ நெகட்டிவ்,
எழுமலையில் ரெண்டு குழி நிலம் அடகு,
பேங்க் பாஸ்புக் பீரோவில், சாவி அரிசிப் பானைக்குள்.
நான் காதை மூடிக்கொள்ளப் பார்த்தேன்.
காதுக்குத் தாள் ஒட்ட முடியாது.

பதினொன்று நாலுக்குக் கோப்பு போனது.
அதோடு நிற்கவில்லை இயந்திரம்.
நான் கேட்காமலே ஏதோ அப்டேட்டை
ஓசித் தண்ணீர் கண்ட லாரி மாதிரி
உறிஞ்சிக்கொண்டிருந்தது.
கவனிக்கவில்லை.

"கார்த்தீஸ்வரியோட ஆளு யாரு?"
பக்கத்து ஆள் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்.
திரும்பி வந்தபோது
முகம் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தது.
பெண் குழந்தை.
மஸ்கட்டில் மச்சான் வீடியோவில் காத்திருக்கிறான்.
போனில் வட்டம் சுற்றுகிறது,
சுற்றுகிறது.

"என்னக்கா இது,
காலையில இருந்து தொடவே இல்ல,
ஒன்றரை ஜிபியும் தீந்துருச்சுங்குது."

"உங்க பேரு?"
கேட்டிருக்க வேண்டாம்.

லேப்டாப்பை மூடினேன்.
மூடினால் திரும்பிப் போகிற பொருளா அது.
அடிநாக்குவரை வந்ததை
முழுங்கிவிட்டு
வாசலில் போய் ரெண்டு டீ வாங்கி வந்தேன்.
"எதுக்குக்கா?"
"சும்மா."
"பன்னெண்டு அடிச்சா வந்துரும்க்கா" என்றார்,
எனக்கு ஆறுதல் சொல்வதுபோல.

அம்பது நிமிஷம்.
மஸ்கட்காரன் தூங்காமல் இருந்தான்.
பன்னெண்டு மணிக்கு
அந்தச் சின்ன உதடு கோணிக் கொட்டாவி விட்டது,
இரண்டு நாட்டிலும் ஒரே நேரத்தில்.

என் தங்கைக்கு விடியற்காலை மூன்றேகாலுக்கு.

திங்கட்கிழமை மெயில் வந்தது.
சந்தேகத்துக்குரிய நெட்வொர்க் ஒன்றில்
இணைந்திருக்கிறீர்கள், படிவத்தை நிரப்பவும்.
உங்களிடமிருந்து ஏதேனும் திருடப்பட்டதா?
இல்லை.
அடுத்தது இருக்குமென்று பக்கத்தைத் தள்ளினேன்.
அந்தக் கேள்வி இல்லை.

குறிப்புகளுக்கென ஒரு கட்டம், ஐநூறு எழுத்துவரை.
எழுதினேன்:
தாய் நலம்.
இரண்டே முக்கால் கிலோ.