ஒட்ட வேண்டாம்

அக்கராயனிலிருந்து வந்த அம்புலன்சில்
ஒரு கை அடிவயிற்றில்,
மற்றக் கையில் கடதாசி.
யாழ்ப்பாணத்துத் தோல் கிளினிக்கில் எழுதித் தந்தது.
நாலாய் மடித்து மடித்து
மடிப்பில் எழுத்துப் போயிருந்தது.

"பிளாஸ்ரர் ஒட்ட வேண்டாம், மிஸி.
உரிக்கேக்க தோலும் சேர்ந்து வரும்."
ரத்தம் போய்க்கொண்டிருக்கிற ஒருத்தி
முதலில் சொல்லுற கதையா இது?
அதைத்தான் சொன்னேன்.
வளையல்காரரிடம் சொன்னேன், முகாமில்
ஊசி போட வந்தவர்களிடம் சொன்னேன்,
கூறைச்சேலைக் கரைக்குள் பஞ்சு வைக்கச் சொல்லி
மணவறைக்குப் போகுமுன்னும் சொன்னேன்.

மிஸி யசோமலர் கடதாசியை
லைட்டுக்கு நேரே பிடித்து வாசித்தா.
பிறகும் ஒருக்கா வாசித்தா.
பிரஷர் பட்டிக்கு அடியில் பஞ்சு சுற்றினா.
சேலைன் ஊசியைத் துணிப்பட்டியால் கட்டினா,
பிறந்த கன்றைக் கட்டுற இளக்கத்தில்.
என் பெயர்
கையில் அல்ல, கட்டில் கம்பியில் தொங்கியது.

குருநாகல் டொக்டர்
இருக்கிறதிலேயே சின்னக் கருவியை எடுத்து
வஸ்லீனை அள்ளிப் பூசி
தெரிந்த கொஞ்சத் தமிழில் ஒன்றையே
திரும்பத் திரும்பச் சொன்னார்: "மெதுவா, மெதுவா."
எனக்கா, தன் கைக்கா?

பக்கத்துக் கட்டில் அன்ரி அழுதுகொண்டு
என் கையைப் பிடிக்க வந்தா.
"தொடாதேங்கோ" என்றேன்.
அந்த வாட்டிலேயே பொல்லாதவள்
அப்போது நான்தான்.

பதினேழு கிழமை.
எனக்கென்று எடுத்து வைத்த ஒட்டாத துணியில்
மிஸி அதைக் கொண்டுவந்து காட்டினா.
உள்ளே நரம்பு தெரியுற சிவப்பு.
மாதக்கணக்காய்க் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன்:
"என்ர தோலோ?"

அவ உடனே ஒன்றும் சொல்லவில்லை.
"இந்தக் கிழமையில
எல்லாப் பிள்ளைக்கும் இப்பிடித்தான், தங்கச்சி."

எல்லாப் பிள்ளைக்கும்.

வீட்டுக்கு வந்த அன்று பால் சுரந்தது.
இறுக்கிக் கட்டினால் வற்றும் என்கிறார்கள்.
எனக்கு எதை இறுக்கிக் கட்ட?
வழிந்தது.

சுதேந்திரன் பக்கத்தில் வந்து இருந்தான்.
கலியாணம் முடித்த நாளிலிருந்து
சேர்ட்டை உள்வெளி மாற்றித்தான் போடுவான்,
தையல் என்னில் படக் கூடாதென்று.
பஸ்ஸில் ஆரோ சொன்னார்களாம்:
"தம்பி, மாறிப் போட்டிருக்கிறீர்."
"ஓம்" என்றுவிட்டு இறங்கினானாம்.

நான் சிரித்தேன்.
சிரித்தபடி சாய்ந்தேன்.
தையல் இல்லாத பக்கம் நனைந்தது.