பகுதி ஏழு, வெட்டாதது

முட்டைத் தட்டு ஒட்டிய சுவரைத் தாண்டியும்
கடல் அறைக்குள் வந்துவிடுகிறது.
இரைச்சலை நீக்கு என்றார் பயிற்சிக்கு வந்தவர்.
நீக்கினேன். டெல்பினின் குரலும் பாதி போயிற்று.

நார்வேயிலிருந்து ஆய்வாளர்,
யாழ்ப்பாணத் தமிழில், நிதானமாக:
பனி உருகுது, கடல் ஏறுது,
வருசத்துக்கு நாலு மில்லிமீட்டர்.

டெல்பின் கேள்வித்தாளைக் கவிழ்த்து வைத்தாள்.
"எனக்க அடுக்களைய
எந்த மில்லிமீட்டர் கொண்டு போச்சு?"

பதினோரு நொடி.
மூன்றுக்கு மேல் மௌனம் கூடாதென்பது
நிலையத்து விதி.
இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வியாழன் இரவு எட்டரைக்கு
இனயம் முதல் நீரோடி வரை
பெட்டி திடீரென இரைந்தால்
பழுதென்று யாரும் போன் போடவேண்டாம்.

அடுத்து,
குளச்சலில் இன்றைய ஐஸ்கட்டி விலை.