ஆணி

மடைக்கல்லில் ஓர் ஆணி அடிக்க
ஏழு கூட்டம் போட்டோம்.

தீர்மான நோட்டு என்னிடம்.
கையெழுத்து அழகு என்றார்கள்;
எந்தக் கட்சிக்கும் ஆகாதவள்
என்பதுதான் காரணம்.
முதல் கூட்டத்தில் எழுதியது இவ்வளவே:
வந்தவர் பதினெட்டு. டீ இருபத்தாறு.

கடைமடை வீரணன்
வயல் வெடிப்பில் கைவிட்டு அளந்த ஆழத்தை
ஒவ்வொரு முகத்துக்கு நேரேயும்
நீட்டிக் காட்டினார்.
மீன்பாசி ஏலம் எடுத்த காதர் மைதீன்
அடகுச் சீட்டை மடித்துக்கொண்டே இருந்தார்,
அது புளியங்கொட்டை அளவு ஆகும்வரை.
பிறகு சொன்னார்:
"இடுப்பளவு தண்ணி நிக்கணும். இல்லாட்டி கெண்டை மெதக்கும்."
பறவை எண்ண வரும் கல்லூரிப் பெண் எழினி
நடுத்திட்டுக் கருவேலங்களைக் காட்டினாள்:
சுற்றித் தண்ணீர் வற்றினால்
நாய்கள் நடந்தே போய்விடும், கூடுகளுக்கு.
பொதுப்பணித்துறை ஐயா
வரைபடத்தை விரித்தார். காற்று அதை மூடியது.

இடுப்பளவு, இடுப்பளவு என்று
நான்கு கூட்டம் ஓடியது.
ஐந்தாவதில்
வாசலுக்கு வெளியே நின்ற ஒச்சம்மாள் கேட்டாள்:
"யாரு இடுப்பு?"

தாமரை பறிக்கிறவள்.
விடியுமுன் மதுரைப் பூச்சந்தைக்கு அனுப்புகிறவள்.
ஆயக்கட்டில் ஒரு சென்ட் இல்லாததால்
வருகைப் பட்டியலில் பெயர் இல்லை.
எழுதினேன். பத்தொன்பது.
யாரோ இருமினார்கள்.

தை இருபதில் கூட்டம் கண்மாய்க்குள் நடந்தது.
வேட்டிகள் கரையில் கிடந்தன.
அழகர்மலைப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று.
தாமரைக்குள் ஒச்சம்மாளை நிறுத்தினோம்;
நாலரை அடி உயரம், அக்குள்வரை தண்ணீர்.
அக்குளிலிருந்து இடுப்புக்கு
எழினி ஒரு தாமரைத்தண்டை ஒடித்தாள்.
அந்தத் தண்டை
மடைக்கல்லில் நீர்மட்டத்திலிருந்து கீழே பிடித்து
உளியோடு முங்கினான் காதரின் ஆள்.
பதினோரு மூச்சு.
ஒவ்வொரு முறை அவன் தலை தூக்கும்போதும்
எல்லாரும் மூச்சு விட்டோம்.

மாசிக் கடைசியில் ஆணித்தலை தெரிந்தது.
மடையை அடைத்தோம்.
வீரணனுக்கு இன்னும் ஒரே ஒரு தண்ணி பாக்கி,
கதிரில் பால் பிடிக்கிற நேரம்.
கேட்கவில்லை அவர்.
மடைக்கல்லில் உட்கார்ந்து
ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தார், ரெண்டு நாள்.

மூன்றாம் நாள் காதர் வந்து
மூன்று விரல் காட்டினார்.
மூன்று விரல் தண்ணீர் போனது.
பங்குனியில் மீன்பள்ளம் சேறாகிக் கலங்கியபோது
வீரணனின் மோட்டார்
கிணற்றிலிருந்து எட்டு இரவு ஓடியது.

"இத நோட்டுல ஏத்தாத தாயி" என்றார் ஒருவர்.
மற்றவரும் தனியே வந்து
அதையே சொன்னார்.

ஏற்றவில்லை.
கடைசித் தீர்மானத்துக்குக் கீழே
அரைப்பக்கம் வெறுமையாய் இருக்கிறது.

திட்டில் குஞ்சுகள் கத்துகின்றன.
கரையில் நாய்கள்
ஒரு காலை நனைத்துப் பார்த்துவிட்டுத்
திரும்புகின்றன.